மக்களுக்குக் கொடுத்த பல்பு

2021 மார்ச்சில் பிகாரின் ஆரா நகரில் தொடங்கிய ‘கிராம உஜாலா’ திட்டத்துக்கு ஒரு நிபந்தனை இருந்தது. பத்து ரூபாய்க்கு எல்இடி பல்பு வேண்டுமானால், வீட்டில் எரிந்துகொண்டிருக்கும் குண்டு பல்பைக் கழற்றி எடுத்துவந்து ஒப்படைக்க வேண்டும். மக்கள் ஒப்படைத்தார்கள், அதிகாரிகள் எண்ணி வாங்கி வைத்தார்கள். அதற்கும் 12 ஆண்டுகளுக்கு முன்பு, 2009 பிப்ரவரியில் மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம் தொடங்கிய ‘பச்சத் லேம்ப் யோஜனா’விலும் இதே ஏற்பாடுதான். குண்டு பல்பைக் கொடுத்து, 15 ரூபாய்க்கு சிஎஃப்எல் வாங்கிக்கொள்ளலாம்.

குண்டு பல்பில் என்ன இருக்கிறது? கண்ணாடி, டங்ஸ்டன் இழை, ஓர் உலோக மூடி, அடியில் இரண்டு துளி ஈயப் பற்று. உடைந்தால் கையைக் கிழிக்கும். அதைத் தாண்டிப் பெரிய ஆபத்து இல்லாத பண்டம். அதைத் திரும்ப வாங்க ஆள் இருந்தார், மேசை இருந்தது, பதிவேடும் இருந்தது. அதற்குப் பதிலாகக் கையில் திணித்த சிஎஃப்எல்லில் இருந்ததோ பாதரசம். அது ஃபியூஸ் போனபோது திரும்ப வாங்க ஆளும் இல்லை, மேசையும் இல்லை. திட்டத்தின் தாள்களில் பழைய சிஎஃப்எல்லைத் திரும்பப் பெறுவது பற்றி ஒரு வாசகம் இருந்தது. அந்த வாசகம் தெருமுனை வரை வந்து சேரவில்லை.

ஏன் இந்த ஓரவஞ்சனை? விடை எளிது. கழற்றிய குண்டு பல்பை எண்ணி, அழித்து, கணக்குக் காட்டினால்தான் கார்பன் கிரெடிட் கிடைக்கும். அந்தப் பணத்தை நம்பியே 15 ரூபாய் விலை நிர்ணயிக்கப்பட்டது. ஃபியூஸ் போன சிஎஃப்எல்லைத் திரும்ப வாங்கினால் யாருக்கும் ஒரு காசும் வராது. காசு வரும் குப்பையை அரசு வாங்கிக்கொண்டது, நஞ்சுள்ள குப்பையை மக்களிடமே விட்டுவிட்டது. இதைக் கவனக்குறைவு என்று சொல்லி நகர்ந்துவிட முடியாது. வரவு வரும் பக்கத்தை மட்டும் எழுதிய கணக்குப்பிள்ளையின் வேலை இது. வன்மையாகக் கண்டிக்கிறோம்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். குண்டு பல்பு போனதில் எமக்கு வருத்தமில்லை. அது தின்னும் மின்சாரத்தில் ஏறக்குறைய 5 சதவீதம்தான் வெளிச்சமாகிறது, மீதி வெறும் சூடு. 60 வாட் பல்பை நாளுக்கு ஐந்து மணி நேரம் எரித்தால் ஆண்டுக்கு 110 யூனிட் ஆகும். அதே வெளிச்சத்துக்கு 14 வாட் சிஎஃப்எல் 26 யூனிட்டும், 9 வாட் எல்இடி 16 யூனிட்டும் கேட்கும். ஒரு பல்புக்கே இவ்வளவு என்றால், கோடிக்கணக்கான வீடுகளுக்கு எத்தனை அனல்மின் நிலையங்களின் கரி மிச்சம் என்று கணக்கிட்டுக்கொள்ளலாம். கரியை எரித்தாலும் பாதரசம் வெளியேறுகிறது என்பதையும் மறக்கக் கூடாது. வடசென்னையிலும் தூத்துக்குடியிலும் சாம்பல் படிந்த காற்றைச் சுவாசிக்கும் மக்களுக்கு, மிச்சமாகும் ஒவ்வொரு யூனிட்டும் நிம்மதி.

மேற்கு நாடுகளில் இந்த விவகாரம் வேறு விதமாக ஓடியது. ஐரோப்பிய ஒன்றியம் 2009 செப்டம்பரில் 100 வாட் குண்டு பல்பில் தொடங்கி, 2012 செப்டம்பருக்குள் படிப்படியாக எல்லாவற்றையும் நிறுத்தியது. உடனே ஜெர்மனியில் ஒரு பொறியாளர் அதே பல்புகளை ‘சூடேற்றும் உருண்டை’ என்று பெயர் மாற்றி விற்கக் கிளம்பினார். சட்டம் விளக்கைத்தானே தடுக்கிறது, இது விளக்கல்ல, குட்டி ஹீட்டர் என்பது அவர் வாதம். அமெரிக்காவில் 2007இல் ஜார்ஜ் புஷ் கையெழுத்திட்ட சட்டத்தை டிரம்ப் ஆட்சி 2019இல் நீர்த்துப்போகச் செய்தது. பைடன் ஆட்சி 2022இல் மீட்டது. 2023 ஆகஸ்ட் முதல் அது முழுமையாக நடைமுறைக்கு வந்தது. இந்த இழுபறியில் குண்டு பல்பின் ஆதரவாளர்கள் அடிக்கடி எடுத்த ஆயுதம் பாதரசம்தான். கரிப் புகையைப் பற்றி ஒரு நாளும் வாய் திறக்காதவர்கள் சிஎஃப்எல்லில் இருக்கும் சில மில்லிகிராமுக்காகக் கண்ணீர் விட்டார்கள். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை அது. அந்தக் கூட்டத்தோடு எம்மைச் சேர்த்து எண்ணிவிட வேண்டாம்.

ஆனால் அந்தக் கூச்சலால் ஒரு நன்மை விளைந்தது. பாதரசம் இருக்கிறது என்பது அங்கே ஊரறிந்த செய்தியானது. ஐரோப்பாவில் புதிய விளக்கு வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்துவிட்டு வரலாம். விற்றவர் வாங்க மறுக்க முடியாது. நம் நாட்டில் மத்திய அரசு குண்டு பல்பைச் சட்டம் போட்டுத் தடை செய்யவே இல்லை. விலையையும் விளம்பரத்தையும் வைத்தே வேலை முடிந்தது. தடை இல்லாததால் சண்டை இல்லை, சண்டை இல்லாததால் கேள்வியும் எழவில்லை. ‘மின்சாரம் மிச்சம்’ என்ற எழுத்து பெட்டியின் முகப்பில் கொட்டை கொட்டையாக இருந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்பதை ஓரத்தில் ‘ஹெச்ஜி’ என்ற இரண்டெழுத்துக் குறி சொன்னது. அது பாதரசத்தின் வேதியியல் குறி என்று தெரிந்த இல்லத்தரசி எத்தனை பேர்? தெரிந்த கடைக்காரர்தான் எத்தனை பேர்?

ஒரு சிஎஃப்எல்லில் 3 முதல் 5 மில்லிகிராம் பாதரசம் இருக்கலாம் என்பது பொதுக் கணக்கு. பழைய காய்ச்சல் மானியில் இருந்ததோடு ஒப்பிட்டால் இது நூற்றில் ஒரு பங்கு அளவுதான். ஒரு பல்பு உடைந்துவிட்டால் குடி முழுகிவிடாது. சன்னலைத் திறந்துவிட்டு, கால் மணி நேரம் வெளியே நின்று, துடைப்பத்தால் பெருக்காமல் கெட்டி அட்டையால் வாரி, மூடியுள்ள பாட்டிலில் போட்டு வைத்தால் போதும். இந்த நான்கு வரியைத் தமிழில் அச்சிட்டுப் பெட்டிக்குள் வைக்க எவ்வளவு செலவாகியிருக்கும்?

எண்ணிக்கை பெருகும்போதுதான் விபரீதம் தொடங்குகிறது. மூன்று மில்லிகிராம் என்றே வைத்துக்கொண்டாலும் ஒரு கோடி பல்புக்கு 30 கிலோ பாதரசம். நம் நாட்டில் ஆண்டுதோறும் பல கோடி சிஎஃப்எல் விற்ற காலம் ஒன்று இருந்தது. அந்த 3 மில்லிகிராமும் உறுதியில்லை. 2011இல் டாக்சிக்ஸ் லிங்க் அமைப்பு இந்தியச் சந்தையில் வாங்கிய சிஎஃப்எல்களைச் சோதித்தபோது, சிலவற்றில் 2 மில்லிகிராம் அளவிலும் சிலவற்றில் 60 மில்லிகிராமுக்கு மேலும் பாதரசம் இருந்தது. சராசரி 21 மில்லிகிராம். அளவுக்குக் கட்டாய வரம்பு வைத்துக் கண்காணிக்காமல் கோடிக்கணக்கில் பரப்பினால் இப்படித்தான் ஆகும்.

பாதரச ஆவிக்கு நிறமில்லை, மணமில்லை. குப்பைமேட்டில் உடைந்த பல்பு காற்றில் கொஞ்சமும் மண்ணில் கொஞ்சமுமாகக் கலக்கிறது. நீர்நிலையை அடைந்தால் நுண்ணுயிர்கள் அதை மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. அது மீனுக்குள் சேர்ந்து, மீனிலிருந்து தட்டுக்கு வந்து, கருவிலிருக்கும் குழந்தையின் மூளை வரை போகிறது. ஜப்பானின் மினமாட்டாவில் 1956இல் வெளிப்பட்ட கொடுமைக்குக் காரணம் ரசாயன ஆலை ஒன்றின் கழிவு, பல்பு அல்ல. அந்த அளவுகளை இதோடு ஒப்பிட மாட்டோம். ஆனால் சென்னையின் பெருங்குடிக் குப்பைமேடு எதை ஒட்டி இருக்கிறது? பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை. 2022 ஏப்ரலில் அந்தக் குப்பைமேடு நாள்கணக்கில் எரிந்தபோது, அந்தப் புகையில் என்னென்ன இருந்தன என்று நின்று கேட்டவர்கள் குறைவு.

பாதரசம் படிந்த உடைந்த கண்ணாடி காயலான் கடைக்குப் போனால் என்ன ஆகும் என்று தமிழ்நாட்டுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. 2001 மார்ச்சில் கொடைக்கானல் மூஞ்சிக்கல் பகுதியின் பழைய சாமான் கடை ஒன்றில், தெர்மாமீட்டர் ஆலையின் உடைந்த கண்ணாடிகள் மூட்டை மூட்டையாகக் கிடந்ததை ஊர்மக்களும் சுற்றுச்சூழல் ஆர்வலர்களும் வெளிக்கொண்டுவந்தார்கள். அந்த மாதமே ஆலை மூடப்பட்டது. அங்கே வேலை பார்த்த 591 பேருடன் நிறுவனம் உடன்பாட்டுக்கு வந்தது 2016 மார்ச்சில். பதினைந்து ஆண்டுகள்! ஓர் ஆலை, ஒரு முகவரி, பெயர் தெரிந்த முதலாளி, எல்லாம் இருந்தும் நீதிக்கு அத்தனை காலம் பிடித்தது. நம் வீட்டு பல்புகளுக்கு அப்படி ஒரு முகவரிகூடக் கிடையாது. கொடைக்கானலைக் கண்ணால் பார்த்த பிறகும் எட்டே ஆண்டுகளில் வீடு வீடாகப் பாதரசம் கொடுக்கத் தொடங்கியவர்களின் நினைவாற்றலை என்னவென்று சொல்வது!

எங்கள் அலுவலகத்தின் மாடிப்படிக்குக் கீழே ஓர் அட்டைப்பெட்டி இருக்கிறது. உள்ளே ஃபியூஸ் போன சிஎஃப்எல்கள், மேலே செய்தித்தாளில் சுற்றிய சில டியூப் லைட்டுகள். பழைய பேப்பர்காரர் பட்டியையும் சோக்கையும் எடுத்துக்கொண்டார். சோக்கில் தாமிரக் கம்பி இருக்கிறது, எடைக்குப் போகும். குழலை மட்டும் தொட மறுத்துவிட்டார். விற்ற கடையில் கேட்டோம், சிரித்தார்கள். வார்டு அலுவலகத்தில் கேட்டபோது, “குப்பை வண்டியில போட்டுடுங்க சார், அவங்க பார்த்துக்குவாங்க” என்றார்கள்.

அந்த ‘அவங்க’ யார்? தினக்கூலிக்குக் குப்பை அள்ளும் தூய்மைப் பணியாளர்கள். காலை ஆறு மணிக்குப் பச்சைத் தொட்டியிலும் நீலத் தொட்டியிலும் கைவிட்டுப் பிரிப்பவர்கள். கம்பாக்டர் லாரியின் இரும்புத் தகடு குப்பையை நெரிக்கும்போது டியூப் லைட் படாரென்று வெடிக்கும் ஒலி அவர்களுக்குப் பழக்கம். அந்த ஒலியோடு எது மூக்கில் ஏறுகிறது என்று அவர்களிடம் யாரும் சொன்னதில்லை. நாட்டின் மின்கட்டணச் சிக்கனத்துக்கு இவர்களின் நரம்பு மண்டலமா ஈடு? பல்பைத் திட்டமிட்டவர்களின் கோப்பில் இவர்களுக்கு ஒரு வரி இருந்ததா?

சட்டம் இல்லை என்று தட்டிக்கழிக்கவும் முடியாது. 2016இல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள் சிஎஃப்எல்லையும் டியூப் லைட்டையும் பெயர் சொல்லி ‘வீட்டு அபாயக் கழிவு’ என்று வகைப்படுத்தின. அவற்றை ஒப்படைக்க 20 சதுர கிலோமீட்டருக்கு ஒரு மையம் திறந்து, அது இயங்கும் நேரத்தையும் அறிவிக்க வேண்டும் என்று உள்ளாட்சி அமைப்புகளுக்குக் கட்டளையிட்டன. சென்னை மாநகராட்சியின் பரப்பு 426 சதுர கிலோமீட்டர். அந்தக் கணக்குப்படி 22 மையங்கள் வேண்டும். வாசகரே, உங்கள் வீட்டுக்குப் பக்கத்து மையம் எது என்று உங்களுக்குத் தெரியுமா? தெரியாதென்றால் குற்றம் உங்களுடையதல்ல. அறிவிக்கப்படாத மையம் இருந்தும் இல்லாததுதான்.

மின்னணுக் கழிவு விதிகளின் கதை இன்னும் கேவலம். அவை முதன்முதலில் 2011இல் வந்தபோது சிஎஃப்எல் அந்தப் பட்டியலிலேயே இல்லை. பச்சத் லேம்ப் யோஜனா தொடங்கி ஏழு ஆண்டுகள் கழித்து, 2016 விதிகளில்தான் பாதரச விளக்குகள் சேர்க்கப்பட்டன. சொன்னது உடனே உறைக்காத ஆளை நம் ஊரில் ‘டியூப் லைட்’ என்பார்கள். டியூப் லைட்டின் விஷயத்திலேயே அரசாங்கம் டியூப் லைட்டாக இருந்ததை வேறெப்படிச் சொல்வது! தாமதித்தாவது ஒழுங்காக எரிந்ததா என்றால் அதுவும் இல்லை. 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த புதிய விதிகளில், உற்பத்தியாளர்கள் காட்ட வேண்டிய மறுசுழற்சிச் சான்றிதழின் கணக்கு நான்கு உலோகங்களை வைத்தே ஓடுகிறது: தங்கம், தாமிரம், அலுமினியம், இரும்பு. பாதரசம் அந்த நான்கில் இல்லை. கண்ணாடியும் பாதரசமுமான ஒரு குழலைப் பாடுபட்டுச் சேகரித்தால் எந்த நிறுவனத்துக்கு என்ன லாபம்? பழைய பேப்பர்காரர் சோக்கை எடுத்துக்கொண்டு குழலை விட்டுப் போனார். அவர் பிழைப்பு அப்படி, அவரைக் குறை சொல்ல மாட்டோம். ஓர் அமைச்சகம் தன் விதியையும் அதே தராசில் வைத்து எழுதலாமா?

சிஎஃப்எல் காலம் முடிந்துவிட்டதே, இனி எல்லாம் எல்இடிதானே என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். பாதரசம் இல்லை என்பதில் எல்இடி உண்மையிலேயே நல்ல மாற்றம். 2015 ஜனவரி 5 அன்று தொடங்கிய உஜாலா திட்டத்தில் 36 கோடிக்கும் மேற்பட்ட பல்புகள் போய்ச் சேர்ந்தன. அரசு நிறுவனம் மொத்தமாக வாங்கியதால், 2014இல் 310 ரூபாயாக இருந்த கொள்முதல் விலை இரண்டே ஆண்டில் 38 ரூபாய்க்கு இறங்கியது. பாராட்ட வேண்டிய சாதனை, மனதாரப் பாராட்டுகிறோம். ஆனால் பெட்டியில் போட்டிருக்கும் 25,000 மணி நேரம் என்ற வாக்குறுதியை வகுத்துப் பாருங்கள். நாளுக்கு ஐந்து மணி நேரம் எரித்தால் பதின்மூன்று ஆண்டுகளுக்கு மேல் வர வேண்டும். எந்த வீட்டில் வருகிறது? பல்புக்குள் வரிசையாகக் கோத்த சில்லுகளில் ஒன்று கருகினால் போதும், மொத்த பல்பும் அணைந்துவிடும். மற்ற சில்லுகள் எல்லாம் நல்ல நிலையில்தான் இருக்கும். தெருமுனை எலக்ட்ரிக் கடைப் பையன் மூடியைத் திறந்து, கறுத்த சில்லைக் கண்டுபிடித்து, ஒரு சொட்டு ஈயப் பற்றால் இணைத்து மறுபடி எரியவைக்கிறான். சுற்றுச்சூழலுக்கு அந்தப் பையன் செய்யும் தொண்டை எந்த அமைச்சகமும் கணக்கில் எடுத்ததில்லை. இப்போதோ பிரிக்கவே முடியாதபடி ஒட்டி மூடிய பேனல் லைட்டுகள் வந்துவிட்டன. உள்ளே பத்து ரூபாய்ச் சாமான் போனால் அலுமினியம், பிளாஸ்டிக், சர்க்யூட் அத்தனையும் குப்பை.

மலிவாகிவிட்டதே என்று தேவையில்லாத இடத்திலெல்லாம் வெள்ளை வெளிச்சத்தைக் கொட்டுவதும் நடக்கிறது. சென்னைக் கடற்கரையில் ஜனவரி முதல் ஏப்ரல் வரை முட்டையிட வரும் பங்குனி ஆமைகளின் குஞ்சுகள், கடலின் மினுக்கத்தை நோக்கிப் போக வேண்டியவை, சாலை விளக்கை நோக்கித் தவழ்ந்து சாகின்றன. குஞ்சுகளைப் பொறுக்கிக் கடலில் விடும் இளைஞர்கள் இதைப் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள். மின்சாரம் மிச்சமாவது ஒன்று, இருட்டு மிச்சமாவது வேறொன்று. இதைத் தனியே விரித்து எழுத வேண்டும், இன்னொரு நாள் எழுதுவோம்.

இன்றைய அவசரம் பாதரசம். பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச மினமாட்டா ஒப்பந்தத்தில் இந்தியா 2014இல் கையெழுத்திட்டு, 2018இல் உறுதி செய்தது. அந்த ஒப்பந்த நாடுகள் 2022 மார்ச்சில் பாலியில் கூடி, 30 வாட்டுக்கு உட்பட்ட வீட்டு சிஎஃப்எல்களின் தயாரிப்பையும் ஏற்றுமதி இறக்குமதியையும் 2025 இறுதியோடு நிறுத்த முடிவு செய்தன. 2023இல் ஜெனீவாவில் குழல் விளக்குகளுக்கும் 2027க்குள் முடிவு கட்டின. நல்லது. ஆனால் தயாரிப்பு நின்றால் வீட்டில் இருப்பது ஆவியாகிப் போய்விடுமா? பள்ளி, வங்கி, தாலுகா அலுவலகம், ஜவுளிக்கடை, கல்யாண மண்டபம் என்று எங்கும் பழைய டியூப் லைட்டுகளைக் கழற்றி எல்இடி மாட்டுகிறார்கள். கழற்றியவை எங்கே போகின்றன? பாதரச விளக்குகள் மொத்தமாகக் குப்பைக்கு வரும் காலம் இனிமேல்தான். சேகரிக்க இதைவிட்டால் வேறு வாய்ப்பும் இல்லை. இவை உடைந்து மண்ணில் கலந்த பிறகு எந்த விதியும் திரட்டித் தராது.

ஆகவே கேட்கிறோம். ஒப்படைப்பு மையங்களின் முகவரியையும் நேரத்தையும் ஒவ்வொரு மாநகராட்சியும் நகராட்சியும் தமிழில், வார்டு வாரியாக உடனே வெளியிட வேண்டும். மையம் இல்லையென்றால் இல்லை என்று ஒப்புக்கொண்டு, எந்தத் தேதிக்குள் திறக்கும் என்று சொல்ல வேண்டும். பத்து ரூபாய் எல்இடி கொடுக்கக் குண்டு பல்பைக் கேட்டவர்கள், இனி எந்த மலிவு விலைத் திட்டத்திலும் முதலில் சிஎஃப்எல்லையும் டியூப் லைட்டையும் கேட்டு வாங்க வேண்டும். மேசையும் பதிவேடும் எப்படிப் போடுவது என்று அவர்களுக்கே தெரியும், இரண்டு முறை செய்து காட்டியிருக்கிறார்கள். சுற்றுச்சூழல் அமைச்சகம் சான்றிதழ்க் கணக்கில் பாதரசத்தைச் சேர்க்க வேண்டும், அல்லது பாதரச விளக்குகளுக்குத் தனிக் கணக்கு வைக்க வேண்டும். தங்கத்தின் எடையைக் காட்டிப் பாதரசத்தின் கடனைத் தீர்க்க விடக் கூடாது. சிஎஃப்எல் விற்றுக் கொழித்த நிறுவனங்கள் அந்தக் கடை வலைப்பின்னலை இன்றும் வைத்திருக்கின்றன. எல்இடி அனுப்பும் அதே வண்டியில் பழையதைத் திரும்ப எடுத்துப்போக அவற்றைக் கட்டாயப்படுத்த வேண்டும். அரசு அலுவலகங்கள் தாம் கழற்றிய குழல்களை என்ன செய்தன என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கணக்குக் கேட்க வேண்டும். தூய்மைப் பணியாளர்களுக்குக் கையுறையும் முகக்கவசமும் மட்டும் போதாது, குழல்களை உடையாமல் நிற்கவைக்கும் தனிப் பெட்டி ஒவ்வொரு குப்பை வண்டியிலும் வேண்டும். அதற்கு ஆகும் செலவு ஒரு பாராட்டு விழாவின் பந்தல் செலவைத் தாண்டாது.

மக்கள் தம் பங்கைச் செய்துவிட்டார்கள். மாற்றச் சொன்னபோது மாற்றினார்கள், கழற்றிக் கொடுக்கச் சொன்னபோது கழற்றிக் கொடுத்தார்கள். எங்கள் மாடிப்படிக்குக் கீழே இருக்கும் பெட்டி உடையாமல் அப்படியே இருக்கிறது. யாரும் வந்து எடுத்துப்போக வேண்டாம். முகவரியைச் சொல்லுங்கள், நாங்களே கொண்டுவந்து கொடுக்கிறோம்.